புலம்பெயர்தல்

புலம்பெயர்தல் என்பது ஒருவர் தாம் பிறந்து வாழ்ந்த நிலத்தை விட்டு நீங்கி, வேறொரு நிலத்திற்குச் சென்று வாழ்வதைக் குறிக்கும் சொல் ஆகும். இன்றைய வழக்கில் இது பெரும்பாலும் நாடு விட்டு நாடு செல்வதைக் குறிக்கிறது. ஒரே நாட்டுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்கும் ஆளப்படுகிறது. இச்சொல்லின் எல்லை எதுவரை என்பதை அறிய, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல சான்றாக அமைகிறது.

சொல்லமைப்பு

'புலம்' என்பதற்கு நிலம், வயல், இடம், திசை, அறிவு எனப் பல பொருள்கள் உண்டு. இங்கு அது வாழும் நிலத்தைக் குறிக்கிறது. 'பெயர்தல்' என்பது இருந்த இடத்தை விட்டு நகர்தல். 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லில் உள்ளதும் இதே வேர்தான். பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை.

'புலம்பெயர் தமிழர்' என்னும்போது 'பெயர் தமிழர்' வினைத்தொகை ஆகும். பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் என மூன்று காலத்திற்கும் அது பொருந்தும். 'புலன்பெயர்' என எழுதுவது பிழை.

இலக்கிய வழக்கும் இன்றைய வழக்கும்

இது புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த பிறமொழி மக்களைக் குறிக்க இத்தொடர் வருகிறது. அங்கே அது துன்பத்தின் பெயரன்று. துறைமுக நகரின் செழிப்பைக் காட்டும் அடையாளம்.

1983-ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்திற்குப் பின், ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களுக்குச் சென்ற ஈழத்தமிழரைக் குறிக்க இச்சொல் மிகுதியாக வழங்கலாயிற்று. இழப்பு என்னும் பொருள் நிழல் அதன்மீது படிந்தது அப்போதுதான். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, நடந்தே ஊர் திரும்பிய வடமாநிலத்தவரைச் செய்தித்தாள்கள் 'புலம்பெயர் தொழிலாளர்கள்' என்று எழுதின.

தொடர்புடைய சொற்கள்

இடம்பெயர்தல்: போர், வெள்ளம் போன்றவற்றால் இருப்பிடம் விட்டு நகர்தல். நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டியதில்லை.
குடிபெயர்தல்: குடும்பத்தோடு வேறிடம் சென்று தங்குதல்.
குடியேறுதல்: சென்று சேர்ந்த இடத்தின் நோக்கில் சொல்வது.
நாடு கடத்தல்: அரசு ஒருவரை நாட்டை விட்டு வெளியேற்றுதல்.
அகதி, ஏதிலி: புகலிடம் தேடி வந்தவர்.

சொல்லை மாற்றுவது மதிப்பையும் மாற்றும். தமிழ்நாட்டில் 'இலங்கை அகதிகள் முகாம்' என்றிருந்த பெயர், 2021-இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது இதனால்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் சொல்லின் எல்லை

கம்பம், போடிநாயக்கனூர், தேவாரம் பகுதி மக்கள் மேற்கு மலையிலுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளாக வேலைக்குச் செல்கின்றனர். அக்காலத்தில் பள்ளத்தாக்கு ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்திலும், மலை திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியிலும் இருந்தன. கங்காணியுடன் மலையேறியவர் ஓர் அரசின் எல்லையைக் கடந்து வேறோர் அரசின் நிலத்திற்குச் சென்றார். விடுதலைக்குப் பின் மலையும் பள்ளத்தாக்கும் ஒரே நாட்டுக்குள் வந்தன. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரடியும் நகரவில்லை. எல்லையின் பெயர்தான் மாறியது.

இன்றும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகச் சென்று மாலையில் வீடு திரும்புவோர் பலர். மாநில எல்லையைக் கடந்தாலும் இவர்கள் குடியிருப்பு மாறுவதில்லை. ஆகவே இவர்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்பது சொற்பொருளுக்குப் பொருந்தாது. மலையிலேயே தங்கிவிட்டவருக்கு அது பொருந்தும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலால் பதற்றம் மூண்டபோது, இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலிருந்து அஞ்சித் தேனி மாவட்டம் வந்த தொழிலாளர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்பதே சரி.

சட்டத்தில் சொல்

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு எடுக்கப்பட்டவரையே அப்பெயரால் வரையறுத்தது. தாமாகச் சென்று வேலை தேடிக்கொண்டவர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றார். 2020-இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஊதிய வரம்புக்கு உட்பட்டு, தாமாகச் சென்றவரையும் வரையறைக்குள் சேர்த்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறதோ, அதற்கேற்பவே தொழிலாளிக்கு உரிமையும் கிடைக்கிறது.