பத்தாம் நாளுக்கு முன் படுத்துவிட்ட பொம்மை

திரைக்கதைத் திண்ணை – 14

புரட்டாசி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதை பொம்மைகளுக்குச் சொந்தம். தசாவதாரம், செட்டியார் தம்பதி, கல்யாண ஊர்வலம், இந்த வருஷத்துக் கிரிக்கெட் டீம் என்று வரிசை நீளும். அதிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு, படம் முழுக்க அது மூன்று நான்கு முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கவேண்டும் என்று ஓர் உதவி இயக்குநரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் டிஸ்கஷனிலேயே பொம்மை கண்ணை உருட்டும், தலையைத் திருப்பும், ரத்தம் கக்கும். பொம்மையைத் தொடாமலே பயத்தைக் கொண்டுவர முடியும் என்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது.

ஆனால் இந்த ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் செய்து காட்டிவிட்டார். வீணை எஸ். பாலசந்தர். அண்ணன் எஸ். ராஜம் மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த சங்கீத வித்வான், ஓவியர். தம்பிக்கு வீணையோடு சினிமாவும் சேர்ந்துகொண்டது. 1954-இல் ஏ.வி.எம்.முக்காகப் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943 அக்டோபர் சமயத்தில் நடக்கும் ஒரு கொலை, ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டு கழித்து, 1964-இல், அவர் எடுத்த படத்தின் பெயரே ‘பொம்மை’.

ஒரு பணக்காரரைத் தீர்த்துக்கட்ட பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அது போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வழிதவறி ஊருக்குள் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பொம்மைக்குள் என்ன இருக்கிறது என்பது வைத்தவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு போதும். ஒருவர் அதைக் கையில் எடுத்தாலும் பதற்றம், கீழே வைத்தாலும் பதற்றம். பொம்மையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கை மட்டும்தான் மாறுகிறது. ஹிட்ச்காக் 1936-இல் எடுத்த ‘சபோடாஜ்’ படத்தில், பொட்டலத்துக்குள் குண்டு இருப்பது தெரியாமல் ஒரு சிறுவன் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவானே, அதே வித்தை.

இது பார்வையாளரிடம் ரகசியத்தை முன்கூட்டியே ஒப்படைத்துவிடும் முறை. இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது ராம்குமார் இயக்கி 2018-இல் வந்த ‘ராட்சசன்’. அங்கேயும் பொம்மைதான். பள்ளி மாணவி ஒருத்தி கடத்தப்படுகிறாள். பரிசுப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. உள்ளே முகம் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை. முதல் முறை அது என்னவென்றே புரிவதில்லை. இரண்டாம் முறை அது ஒருவனுடைய கையெழுத்து என்று தெரிகிறது. அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து காட்டவே வேண்டாம், வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டி ஓரமாக இருந்தாலே போதும். விஷ்ணு விஷால் நடித்த அருண், சைக்கோ கொலையாளிகளைப் பற்றிப் படம் எடுக்க அலைந்துவிட்டுப் போலீஸ் வேலைக்கு வந்தவன். பத்திரிகைத் துணுக்குகளைச் சுவர் நிறைய ஒட்டி வைத்திருந்தவன் என்பதால், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்குவதை அவன் துப்பு என்று பார்க்கிறான். துப்பை எழுதும்போது கூடவே அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்களையும் எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ராட்சசன்’ படத்தில் நம்மை மிரட்டுவது பொம்மைத் தலை. விசாரணைக்கு வழி திறப்பதோ ஒரு மாணவியின் செவித்துணைக் கருவியில் பதிவான ஓசை. ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்திலும் இப்படித்தான். குழந்தை காணாமல்போனதை, உருண்டு வந்து நிற்கும் பந்தும் கம்பியில் சிக்கிய பலூனும் சொல்லிவிடுகின்றன. கொலைகாரனை அடையாளம் காண்பவரோ பார்வையற்ற பலூன்காரர், அவனுடைய சீட்டியைக் கேட்டு. பயமுறுத்தும் துப்பே முடிச்சையும் அவிழ்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் கட்டினால், மூன்றாவது முறை அது வரும்போதே முன்வரிசைக்காரர் கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுவார்.

சரி, மாட வீதிக்கு வருவோம். நவராத்திரிக் கொலு வைக்கும் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கிய கொலுவை நடுவில் கலைக்கக்கூடாது. விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையை மட்டும் படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது என்று அர்த்தம். இதை எந்த மாமிக்கும் வசனத்தில் விளக்க வேண்டாம். அதனால் பத்தாம் நாளுக்கு முன் ஒரு பொம்மை படுத்திருந்தால் அதுவே துப்பு.

எழுதிப் பார்ப்போம். இரண்டாம் நாள்: வந்திருக்கும் சிறுமி பாடுகிறாள், பாதியில் சரணத்தை மறக்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் மேல்படியில், கல்யாணச் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி நிற்கிறது. நம் கவனம் பாட்டில். ஐந்தாம் நாள்: ஆண் மரப்பாச்சி படுத்திருக்கிறது. மாமி பேத்தியை அதட்டுகிறாள்: “யாருடீ இதைப் படுக்க வெச்சது? கொலுவுல கை வெக்கப்படாதுன்னு சொன்னேனோல்லியோ?” நிமிர்த்தி வைக்கிறாள். நமக்கும் அது குழந்தையின் விஷமம்தான். எட்டாம் நாள் காலை: பேத்தி ஊரில் இல்லை, கூடத்துக் கதவு பூட்டியிருந்தது, பொம்மை மறுபடி படுத்திருக்கிறது. இந்த முறை மாமி யாரையும் அதட்டவில்லை. நிமிர்த்தவும் இல்லை. வெற்றிலைத் தட்டை எடுத்து அதன்முன் மறைவாக வைத்துவிட்டுக் காபி போடப் போகிறாள்.

ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் பொம்மை செய்தது ஒன்றுதான். மாமி செய்ததுதான் மாறியது. பேத்தியை அதட்டியவள் எதற்காக அதை மறைக்கிறாள்? யாரைக் காப்பாற்றுகிறாள்? மர்மம் பொம்மையை விட்டு மனுஷியிடம் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் பொருளின் உபயோகமே இதுதான். பொருள் நிலையாக நின்றால்தான் அதைப் பார்ப்பவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று அளக்க முடியும். பத்தாம் நாள் சம்பிரதாயப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கவேண்டிய நேரத்தில் மாமி எதைத் தொடுகிறாள் என்பது உங்கள் கிளைமாக்ஸ்.

காகிதத்தில் எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பொருள் முதல்முறை வரும்போது க்ளோசப் போடாதீர்கள்; வேறு வேலை மும்முரமாக நடக்கும் காட்சியின் ஒரு வரியில் நுழைத்துவிட்டு நகருங்கள். ‘மர்மமாக’, ‘விசித்திரமாக’ என்ற அடைமொழிகளையும் வெட்டுங்கள். இரண்டாவது, பொருள் அந்த வீட்டுக்குரியதாக இருக்கட்டும். மரப்பாச்சியின் இடத்தில் வெள்ளைக்காரப் பீங்கான் பொம்மையை வைத்தால் மாமி அதட்டமாட்டாள், நமக்கும் எந்த விதி மீறப்பட்டது என்று தெரியாது.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டில் இடம் மாறக்கூடாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து மூன்று காட்சி எழுதுங்கள். மூன்றிலும் அதைப் பற்றி ஒரு வசனத்துக்குமேல் கூடாது. அடுத்த வாரம் பலூன்காரர் பக்கம் போவோம்: காதில் விழும் துப்பை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.