கத்திப் பெயர்களும் வகைப்பாடும்: முதலமடை எல்லைப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1. முன்னுரை

கத்தி போன்ற ஒரு கருவிக்கு மூவகைப் பெயர்கள் அமைவதுண்டு. அதனைக் கையாள்வோர் வழங்கும் பெயர் ஒன்று. பழம்பொருளாகத் தொகுப்போர் இடும் பெயர் மற்றொன்று. சட்டம் இடும் பெயர் பிறிதொன்று. இவை சிலபோது ஒரே சொல்லாக இருப்பினும் பொருளெல்லையால் வேறுபடும். இவ்வேறுபாட்டைத் தென்னிந்தியக் கத்திப் பெயர்கள் சிலவற்றைக் கொண்டு விளக்குவதும், மொழிபெயர்ப்பில் அதனால் நேரும் விளைவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கையாள்வோர் பெயர்கள்

முதலமடை, பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இத்தகைய பகுதியில் ‘கத்தி’ இருமொழிக்கும் பொதுவான இனப்பெயர். மலையாளத்தில் சிறுகத்தி ‘பிச்சாத்தி’ எனவும், வெட்டும் பெருங்கத்தி ‘வெட்டுகத்தி’ எனவும் வழங்கும். வளைந்த வெட்டுக்கருவியைக் குறிக்கும் ‘கொடுவாள்’ கொங்குத் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு.

‘அரிவாள்’ என்னும் சொல்லில் இரு மொழிகளும் பிரிகின்றன. மலையாளத்தில் அது பெரும்பாலும் கதிர் அறுக்கும் கருவியையே சுட்டும். தமிழில் அதன் எல்லை விரிந்தது. கதிரரிவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள் என அடைகொண்டு வகைப்படும். ‘வாள்’ என்பதும் போர்க்கருவிக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் மரம் அறுக்கும் கருவி ‘அறக்கவாள்’ எனப்படும். வெட்டு, வீச்சு, மடக்கு முதலிய அடைகளை நோக்கின், கையாள்வோரின் வகைப்பாடு பெரிதும் செயலை அடிப்படையாகக் கொண்டது என்பது புலனாகும்.

3. தொகுப்போர் பெயர்கள்

தொகுப்போரின் வகைப்பாடோ வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. அலகின் வளைவு, பிடியின் அமைப்பு, உறையின் அணி ஆகியவற்றால் ஒரு வகையை வரையறுத்தபின், அதற்குப் பெயரிட அவ்வட்டாரச் சொல் ஒன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. எகர்டன் 1880இல் வெளியிட்ட இந்தியப் படைக்கல விளக்கக் கையேடும், ஸ்டோன் 1934இல் வெளியிட்ட படைக்கலச் சொற்களஞ்சியமும் இத்தகைய பெயர்கள் பரவப் பெரிதும் துணைசெய்தன.

இம்முறையில் இனப்பெயர் வகைப்பெயராகச் சுருங்குகிறது. பாரசீகத்தில் ‘கார்த்’ என்பதற்குக் கத்தி என்பதே பொருள். ஆப்கானியக் கத்திகளைத் தொகுப்போரிடையே வழங்கும் ‘கரூத்’ இச்சொல்லின் திரிபாகக் கருதப்படுகிறது; ஆனால் அது நேரான அலகுடைய, குத்துவதற்கு ஏற்ற ஒரு வகையை மட்டுமே குறிக்கும். ‘கைபர் கத்தி’ என்பதோ கணவாயின் பெயரால் அயலார் இட்ட பெயர்.

தென்னிந்தியச் சொற்களின் நிலையும் இதுவே. குடகுக் கத்தி ஒன்றைத் தொகுப்போர் ‘பிச்சங்கத்தி’ என்பர். வெள்ளி வேலைப்பாடு அமைந்த உறையும், சங்கிலியில் கோத்த சிறுகருவிகளும் உடைய அணிக்கத்தி அது. மலையாளப் ‘பிச்சாத்தி’யோடு ஒலியால் நெருங்கிய பெயரெனினும், அடுக்களையிலும் தோப்பிலும் பயன்படும் சிறுகத்தி அத்தொகுப்பில் இடம்பெறாது.

தமிழில் ‘கட்டாரி’ குத்துவாளுக்குப் பொதுப்பெயர். தொகுப்போரின் ‘கட்டார்’ அத்தகையதன்று. இரு பக்கச் சட்டங்களுக்கிடையே குறுக்குப்பிடி அமைய, கைமுட்டியின் நேராக அலகு நீளும் வடிவத்திற்கே அது உரியது. ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் பகுதிக் குத்துவாள் ஸ்டோனின் களஞ்சியத்தில் ‘ஜம்தர் கட்டாரி’ எனப் பெயர் பெறுகிறது. அதன் பிடி இயல்பான குத்துவாட் பிடியாகும். ஆகவே, பெயரொற்றுமையைக் கொண்டு வடிவ ஒற்றுமையைத் துணிதல் பொருந்தாது.

4. சட்டம் இடும் பெயர்

தொகுப்போரின் பெயர் தவறினால் அருங்காட்சியகச் சீட்டு பிழைபடும். சட்டத்தின் பெயர் தவறினால் ஒருவரது உரிமை பாதிக்கப்படும். மலபாரில் 1854ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் ‘மாப்பிள்ளைப் போர்க்கத்தி’களை வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் கனோலியின் காலத்தில் 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக லோகனின் மலபார்க் கையேடு (1887) தெரிவிக்கிறது. கனோலி 1855 செப்டம்பரில் கொல்லப்பட்டார். அவ்வட்டாரக் கத்தியொன்றை மக்கள் ‘மலப்புறம் கத்தி’ என இடத்தால் சுட்டினர். சட்டமோ சமூகத்தையும் போரையும் பெயருக்குள் கொணர்ந்தது. பெயரிலேயே குற்றத்தின் சாயல் ஏறிவிட்டது.

இந்தியப் படைக்கலச் சட்டம் (1959), வீட்டுப் பயனுக்கோ வேளாண் பயனுக்கோ மட்டும் உருவாக்கப்பட்ட பொருள்களைப் படைக்கலம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. அச்சட்டத்தின் கீழமைந்த விதிகளோ வாள், குத்துவாள் முதலியவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. எனவே, தோப்புத் தொழிலாளி ஒருவர் ‘கொடுவாள்’ என்று கூறியதை, இறுதியிலுள்ள ‘வாள்’ என்பதைக் கொண்டு ஆங்கிலத்தில் போர்வாளைக் குறிக்கும் சொல்லால் மொழிபெயர்த்தால், விலக்குப் பெற்ற கருவி பட்டியலிட்ட படைக்கலமாகத் தோற்றமளிக்கும். தமிழர் ஒருவர் கூறும் ‘அரிவாள்’ வெட்டரிவாளாக இருக்க, மலையாள ஆவணத்தில் அதே சொல் கதிரறுக்கும் கருவியாகப் படிக்கப்படவும் கூடும். முன்னது பொருளை மிகைப்படுத்தும், பின்னது குறைத்துக்காட்டும்.

5. முடிவுரை

கருவிப்பெயரை மொழிபெயர்ப்போர், அது கையாள்வோர் பெயரா, தொகுப்போர் பெயரா, சட்டப்பெயரா என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். கையாள்வோர் பெயராயின் மூலச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, அலகின் வடிவையும் பயனையும் ஓரிரு சொற்களால் உடன் விளக்குதல் தக்கது. தொகுப்போர் பெயராயின் அதனைக் கலைச்சொல்லாகக் கொள்ளலாமேயன்றி, அவ்வூர் வழக்காகக் காட்டலாகாது. அகராதிகளும் ‘ஒருவகைக் கத்தி’ என்று பொருள் கூறி அமையாது, வழங்கும் வட்டாரத்தையும் செயலையும் பதிவுசெய்தால், முதலமடை போன்ற இருமொழி எல்லைப் பகுதிகளின் சொற்கள் பிறழ உணரப்படுவது பெரிதும் தவிர்க்கப்படும்.