ஒரே கல்லில் ஆளும் கோட்டையும்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரை பார்க்கவோ இறால் வாங்கவோதான் போவார்கள். நான் போனது கல்லறை பார்க்க. இதற்காக வீட்டில் வாங்கிய திட்டு தனிப் பதிவுக்கே வரும்.

பரோக் கால ஐரோப்பாவில் பெர்னினி போன்றவர்கள் சிற்பியும் அவர்களே, கட்டடக் கலைஞரும் அவர்களே. காகிதமோ விலை அதிகம். அதனால் சாக்கட்டியால் ஒரு புனிதரின் முகத்தை வரைந்த தாளிலேயே தூணும் வளைவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே சேர்க்கையை இங்கே கல்லில் செய்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் இதுதான்.

கல்லறைத் தோட்ட வாசலிலேயே இரண்டு கல் எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன! உள்ளே இறந்தவரின் பெயர், குலச்சின்னம், இலைக்கொடி வேலைப்பாடு. ஒரு கல்லில் கோட்டையே இருக்கிறது. புனிதர் மட்டும் எங்கும் இல்லை. காரணம் எளிது. இவர்கள் கால்வின் வழிச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், புனிதர் படங்களை ஒதுக்கியவர்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் குலச்சின்னமும் மண்டையோடும் வந்துவிட்டன.

எழுத்து தெரியவில்லை என்று சிலர் கல்மேல் சாக்பீஸைத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கல் கெடும். செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானே எழுந்து வரும். அலெக்சாண்டர் ரீ இந்தக் கற்களைப் படம் வரைந்து 1897இல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டார். அவரிடம் டார்ச் இல்லை, பொறுமை இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்தத் துறைமுகத்தின் செல்வம் நெசவாளர்கள் நெய்த துணியில் வந்தது. இதே துறையிலிருந்து அடிமைகளாக மனிதர்களையும் படேவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் யாருக்கும் இங்கே கல் இல்லை.

கோட்டை இருந்த இடம் இப்போது முள்புதர் மூடிய மேடு. பக்கத்து மீனவர் ஊரின் பெயர் கோட்டைக்குப்பம். ஏரியில் எந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஊர்களில் அதுவும் ஒன்று. கோட்டை இப்போது அந்தக் கல்லிலும் இந்தப் பெயரிலும்தான் நிற்கிறது.