வியர்வை ஏன் அரிக்கிறது?

ஓடியாடி விளையாடினால் வியர்வை கொட்டும். முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவீர்கள். ஆனால், சிலருக்கு வியர்த்ததுமே கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் பயங்கரமாக அரிக்கும். சொறிந்து சொறிந்து தோலே சிவந்துவிடும்.

வியர்வை என்பது தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தானே? அது ஏன் சிலரை மட்டும் இந்தப் பாடுபடுத்துகிறது?

தோலில் ஒரு குடித்தனம்

ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் உங்களுக்குத் தெரியும். அது ஒரே ஒரு செல் கொண்ட பூஞ்சை. இன்னொரு வகை ஈஸ்ட் நம் தோலின் மேலேயே குடியிருக்கிறது. அதன் பெயர் மலசீஸியா. 1874-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி மலசே நினைவாக வைத்த பெயர்.

இந்த ஈஸ்ட்டுக்குத் தனக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிக்கத் தெரியாது. அதனால் நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று பிழைக்கிறது. தலை, முகம், மார்பு, முதுகுதான் இதற்குப் பிடித்த இடங்கள். பொடுகிலும், ஒருவகைத் தேமலிலும் இதற்குப் பங்கு உண்டு. மற்றபடி பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவே இல்லை. உங்கள் மேலும் இருக்கிறது, உங்கள் டீச்சர் மேலும் இருக்கிறது!

பொய் அலாரம்

கிருமிகளோடு சண்டை போட நம் உடலில் ஓர் எதிர்ப்புப் படை உண்டு. சிலருடைய படை, ஆபத்தில்லாத பொருளையும் எதிரி என்று நினைத்துவிடும். இதுதான் ஒவ்வாமை. 1906-ல் இதற்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டியவர், வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே.

'எக்ஸிமா' என்ற தோல் பிரச்னை உள்ளவர்களுக்குத் தோல் வறண்டு, விரிசல் விட்ட சுவர் மாதிரி இருக்கும். ஈஸ்ட் வெளியிடும் புரதம் அந்த வழியாக உள்ளே நுழையும். உடனே படை, 'ஐ.ஜி.இ.' என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, 'மாஸ்ட்' செல்களின் மேல் காவலுக்கு நிறுத்தும். அடுத்த முறை அதே புரதம் வந்தால் போதும்... மாஸ்ட் செல்கள் 'ஹிஸ்டமின்' என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடும். அவ்வளவுதான், அரிப்பு ஆரம்பம்! சொறிந்தால் விரிசல் பெரிதாகும், இன்னும் அரிக்கும்.

ஜப்பானில் கிடைத்த விடை

வியர்வையில் எந்தப் பொருள் இப்படி வம்பு செய்கிறது? ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வியர்வையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தேடினார்கள். 2013-ல் விடையை வெளியிட்டார்கள். அது, வியர்வையில் கலந்திருந்த மலசீஸியாவின் புரதம்! எக்ஸிமா உள்ள பலரது ரத்தத்தில், அந்தப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.இ. இருந்தது.

எக்ஸிமாவுக்கு ஈஸ்ட் மட்டுமே காரணம் அல்ல. பரம்பரை, வறண்ட தோல் என்று வேறு காரணங்களும் உண்டு. கோடையில் வரும் வேர்க்குருவும் வேறு. அது, வியர்வைத் துளைகள் அடைபடுவதால் வருவது.

ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டவே ஒட்டாது! எக்ஸிமா தொற்றுநோய் அல்ல. அழுக்காக இருப்பதால் வருவதும் அல்ல. அந்த ஈஸ்ட்தான் ஏற்கெனவே உங்கள் மேலும் இருக்கிறதே! அப்புறம் ஏன், "என் பக்கத்தில் உட்காராதே" என்று நண்பரை விரட்ட வேண்டும்? அரிப்பைவிட அந்த வார்த்தைதான் அவரை அதிகம் வலிக்க வைக்கும். கபடிக்கு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் வியர்வையைக் கழுவிக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுங்கள், போதும்.

உங்களுக்கே இந்தப் பிரச்னை இருக்கிறதா?

* வியர்த்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.
* நகங்களை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடை அணியுங்கள்.
* டாக்டர் சொன்ன களிம்பை மட்டும் தடவுங்கள். கடையில் நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம்.

தெரியுமா?

மலசீஸியா, ரொட்டி ஈஸ்ட்டைவிட நாம் சாப்பிடும் காளானுக்குத்தான் நெருங்கிய சொந்தம்!