உறையின் பின்புறம்

திருமலைக்கு வந்த நெய்யின் தூய்மை குறித்து 2024ஆம் ஆண்டில் ஐயம் எழுந்தபோது, அதைத் தீர்க்க நாவும் மூக்கும் போதவில்லை. மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு அக்டோபரில் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அமைந்தது.

தலைமுறை தலைமுறையாக முகர்ந்து பழகிய நெய்க்கே அந்நிலை என்றால், செயற்கை மணமூட்டிய புரதப் பொடியை நாம் எதைக் கொண்டு அறிவது? சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் வாடிக்கையாளர் பலரின் இல்லங்களில் முதியோருக்குக் கால்சியம் மாத்திரை, உடற்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்குப் புரதப் பொடி என மாதந்தோறும் ஒரு தொகை செலவாகிறது. 2024இல் ‘மெடிசின்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. அவற்றுள் 25இல், உறையில் அச்சிட்டிருந்த புரத அளவு உள்ளிருந்ததோடு பொருந்தவில்லை. பலவற்றில் காரீயமும் சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தன.

வைப்புச் சீட்டு கைக்கு வந்தவுடன் பெயர், தொகை, முதிர்வு நாள் என ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் நாம், இந்த உறையின் முகப்புப் படத்தோடு நின்றுவிடுகிறோம். அதைத் திருப்பிப் பார்த்தல் நலம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று’ என்னும் அறிவிப்பு ஆகியவை அங்கே இருத்தல் வேண்டும். உரிம எண்ணை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். ஆயினும் அவ்வெண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே காட்டும். நம் கையிலுள்ள டப்பா சோதிக்கப்பட்டதா என்பதைக் காட்டாது. அதற்கு, அந்தத் தொகுதி எண்ணுக்குரிய ஆய்வறிக்கையை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அறிக்கை வழங்கியது என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்பதையும் நோக்குக. கேட்டும் தராத நிறுவனத்தின் பொருளை வாங்காதிருப்பதே எமது பரிந்துரை.

தரமான பொருளும் எல்லோருக்கும் ஏற்றதன்று. தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் கால்சியத்தை நான்கு மணி நேர இடைவெளிவிட்டே எடுக்க வேண்டும். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் புரதப் பொடியைத் தொடலாகாது.

பலரும் அறியாத உரிமை ஒன்றும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளை நாமே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்திற்குப் புறம்பானது என அறிக்கை கூறினால், செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே, ரசீதைப் பத்திரப்படுத்துக.