ஓர் ஆராய்ச்சியை நிறுப்பது எப்படி?



செம்பனைத் தோட்டங்களில் முன்பு ஒரு வேலை இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகரந்தப் பொடியை டால்கம் தூளுடன் கலந்து எடுத்துக்கொண்டு, மரம் மரமாகச் சென்று, பெண் பாளைகளின் மீது தூவ வேண்டும். தூவாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது.

1981-ஆம் ஆண்டு, ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டிலிருந்து வந்த வண்டு அது. ஆண் பாளைக்கும் பெண் பாளைக்கும் பறந்து திரிந்து, மனிதர் செய்த வேலையை அது தானே செய்தது. காய்ப்பிடிப்பு உயர்ந்தது, தூவும் வேலை பெரும்பாலான தோட்டங்களில் மறைந்தது. செம்பனைக்குக் காற்றுத்தான் மகரந்தம் சுமக்கிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். கேமரூனுக்குச் சென்று ஆராய்ந்து உண்மையை நிலைநாட்டியவர் டாக்டர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் போடலாம்? இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. பல்கலைக்கழகங்கள் ஒருவருக்கு வேலை கொடுக்கும்போதும், பதவி உயர்வு வழங்கும்போதும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதும் இதைத்தான் கேட்கின்றன. நம் பிள்ளைகளும் அத்துறையில் கால் வைக்கிறார்கள். ஆகவே அந்த அளவுகோல் எத்தகையது என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

லயத்தில் ஒரு பெண்மணி புதிய முறையில் ரவிக்கை தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துத் தைக்கும் அண்டை வீட்டார், “இது இன்னார் காட்டிக் கொடுத்தது” என்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். விஞ்ஞானிகளும் அப்படியே. தாம் எழுதும் கட்டுரையில், யார் யாருடைய ஆராய்ச்சியைப் பயன்படுத்தினோம் என்று பெயர் குறித்துப் பட்டியல் கொடுப்பார்கள். இதற்கு மேற்கோள் என்று பெயர்.

இந்த மேற்கோள்களை ஒன்று திரட்டி அட்டவணையாக்கியவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் முறையாக வெளிவரத் தொடங்கியது. ஒரு தீர்ப்பு பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் தேடுவதற்கு ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்தது. அதுவே அவருக்கு வழிகாட்டி. வேண்டிய கட்டுரைகளைத் தேடி எடுக்க உதவுவதே அவருடைய முதல் நோக்கம். நாளடைவில் அது ஆளை எடைபோடும் தராசாகவும் ஆகிவிட்டது.

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் அறிஞர் மற்றோர் எண்ணை அறிமுகப்படுத்தினார். அதற்கு எச் குறியீடு என்று பெயர். கணக்கு எளியது. ஒருவர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவை முறையே 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் பெற்றுள்ளன. குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். ஆனால் குறைந்தது 5 மேற்கோள் பெற்றவை 5 இல்லை. ஆகவே அவருடைய எண் 4. ஒரே ஒரு கட்டுரையால் பெயர் பெற்றவருக்கு இந்த எண் உயராது. பயனற்ற கட்டுரைகளைக் குவித்தவருக்கும் உயராது. அது இதன் நல்ல அம்சம்.

அடுத்து, கூட்டு முயற்சி. வண்டு ஆராய்ச்சியைப் பற்றி 1982-இல் ‘தி பிளாண்டர்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் சையத், லா, கார்லி என்ற மூவரின் பெயர்கள் உள்ளன. பூச்சியை அறிந்தவரும் பயிரை அறிந்தவரும் சேர்ந்தால்தானே இத்தகைய வேலை முடியும்? ஆகவே ஒருவர் எத்தனை பேரோடு, எத்தனை நாட்டாரோடு சேர்ந்து எழுதினார் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளிவந்த ஓர் இயற்பியல் கட்டுரையில் 5,154 பேருடைய பெயர்கள் இருந்தன! அதில் ஒவ்வொருவரின் பங்கு எவ்வளவு? எண்ணிக்கை அதைச் சொல்லாது.

நேயர்களே, பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வாளியின் எடையை மட்டுமா பார்க்கிறார்கள்? அதில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள் அல்லவா? மழைநீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. மேற்கோளும் அப்படித்தான். தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டிக்கொள்பவர் உண்டு. நண்பர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிடுவதும் உண்டு. “இவர் சொன்னது தவறு” என்று மறுத்து எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோளாகவே சேரும். மருத்துவத் துறையில் எழுதுவோர் ஏராளம், கணிதத்தில் குறைவு. ஆகவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

காலமும் பார்க்க வேண்டும். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்ட கிரெகோர் மெண்டல் 1866-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். 1884-இல் அவர் மறைந்தபோதும் அதன் அருமையை உலகம் அறியவில்லை. 1900-இல்தான் பிற அறிஞர்கள் அதைக் கண்டெடுத்துப் போற்றினார்கள். அன்றைய மேற்கோள்களை மட்டும் எண்ணியிருந்தால் மெண்டலுக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

மீண்டும் நம் வண்டுக்கு வருவோம். கூடுதலாகக் காய்த்த குலைகள் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. தூவும் வேலையை விட்டு வேறு வேலைக்கு மாறிய தொழிலாளரும் எழுதவில்லை. நன்மையும் மாற்றமும் தோட்டத்திலே நடந்தன. மேற்கோள் அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை. எண்ணிக்கை ஒன்றையே பெரிதாகக் கொண்டால், இளம் விஞ்ஞானிகள் எண் கூடும் ஆராய்ச்சியைத்தான் தேடிப் போவார்கள். மரத்தின் நோயையும் தொழிலாளியின் முதுகு வலியையும் ஆராய யார் வருவார்?

ஆகவே, ஓர் அறிஞர் இத்தனை ஆயிரம் மேற்கோள் பெற்றார் என்ற செய்தியைப் படித்தால் மகிழுங்கள். பிறர் அவருடைய வேலையை எடுத்தாண்டார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம். அதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். யார், எதற்காக அதை எடுத்தாண்டார்கள்? கூட்டுப் பணியில் அவருடைய சொந்தப் பங்கு என்ன? கட்டுரை எழுதாத மக்களுக்கு அதனால் விளைந்தது என்ன? உங்கள் பிள்ளை நாளை ஆராய்ச்சியாளர் ஆனால், அவரிடமும் இவற்றையே கேளுங்கள்.