எச்சங்களின் அண்மை: புரதத்தில் தொடுகை என்பது யாது?

படிவம் ஆறில் உயிரியல் பயிலும் என் பேத்தி ஒருநாள் தன் பாடநூலில் இருந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டாள். அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுப் புரதமாகும்போது, சங்கிலியில் உள்ள ஒவ்வோர் அலகும் பெறும் பெயர் அது. ‘எச்சம்’ என்றேன். “காக்கை போடுவதா, தாத்தா?” என்று சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபின் நான் அவளுக்குக் கூறியவற்றை விரித்துரைப்பதே இவ்வுரை. நான் உயிர்வேதியியலாளன் அல்லன், மொழியியல் கற்றவன். ஆயினும் கலைச்சொல் ஒன்றைப் பின்தொடர்ந்து செல்பவன் அதன் துறைக்குள் சிறிது தூரமேனும் நடந்தே ஆகவேண்டும்.

ஓர் அமினோ அமிலம் மற்றொன்றோடு பெப்டைடுப் பிணைப்பால் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அவ்வாறு இழந்தது போக எஞ்சி நிற்பதே எச்சம். இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாச் சொல். ‘வந்த’ என்பது ஒரு பெயரை நாடி நிற்கும். ‘வந்து’ என்பது ஒரு வினையை நாடி நிற்கும். புரதத்தின் எச்சமும் தனித்து நின்றால் ஒன்றும் செய்வதில்லை. அது எந்த எச்சங்களின் அருகே சென்று அமைகிறது என்பதைப் பொறுத்தே அதன் பணி அமைகிறது. இந்த அருகமைவையே அறிவியலார் ஆராய்கின்றனர். அதனைத் ‘தொடர்பு’ என மொழிபெயர்ப்போரும் உளர். தொடர்பு எட்டத்தில் இருந்தும் இருக்கலாம். இங்கே கூறப்படுவது இடத்தால் நெருங்குதல். ஆகவே ‘தொடுகை’ என்பதே எனக்கு உடன்பாடு.

புரதம் ஒரு சங்கிலி என்று வகுப்பில் சொல்கிறோம். மாணவர் மணிமாலை ஒன்றை வரைகின்றனர். அதில் பிழையில்லை, ஆனால் அது பாதி உண்மை. மாலையில் அடுத்தடுத்து இருப்பவை மட்டுமே அண்டை என்ற எண்ணம் அப்படத்தால் மனத்தில் பதிந்துவிடுகிறது. சங்கிலி மடிந்து உருண்டபின், வரிசையில் நெடுந்தொலைவில் உள்ள எச்சங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. புரதத்தின் வேலை பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான் நிகழ்கிறது.

நன்கறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாட்டின் கணையத்தில் சுரக்கும் ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியில் 124 எச்சங்கள் உள்ளன. அவற்றுள் எட்டு, கந்தக அணுவைத் தாங்கும் சிஸ்டீன்கள். இவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு டைசல்பைடுப் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன: 26உம் 84உம், 40உம் 95உம், 58உம் 110உம், 65உம் 72உம். எட்டினை நான்கு இணைகளாக்க 105 வழிகள் உண்டு. இயற்கை மேற்கொள்வது ஒரே வழி. அமெரிக்க அறிவியலார் கிறிஸ்டியன் அன்பின்சன் யூரியாவாலும் ஒடுக்கும் பொருளாலும் இப்புரதத்தின் மடிப்பையும் பிணைப்புகளையும் அழித்தார். பின்னர் அவ்விரண்டையும் நீக்கியபோது, சங்கிலி தானாகவே பழைய வடிவுக்கு மடிந்து மீண்டும் வேலை செய்தது. யூரியா இருக்கும்போதே பிணைப்புகள் உருவாக விட்டால், இணைகள் தாறுமாறாகி நொதியின் திறன் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 105இல் ஒன்று என்ற கணக்கோடு இது ஒத்துப்போவதைக் காண்க. இவ்வாய்வுக்காக அவர் 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதே நொதியில் ஆர்என்ஏவை வெட்டும் மையத்தில் நிற்பவை 12ஆம், 119ஆம் இடங்களில் உள்ள ஹிஸ்டிடின்கள். ஒன்று சங்கிலியின் தொடக்கத்தை அடுத்தது. மற்றது முடிவை அடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு நன்னூலின் பொருள்கோள் பகுதி நினைவுக்கு வந்தது. எட்டு வகைப் பொருள்கோளுள் ஆற்றுநீர் என்பது சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் ஒழுகிச் செல்வது. விற்பூட்டில் வில்லின் இரு முனைகளை நாண் இணைப்பதுபோல, செய்யுளின் முதலும் இறுதியும் கூடிப் பொருள் தரும். கொண்டுகூட்டில் அடிதோறும் சிதறிய சொற்கள் ஓரிடத்தில் வந்து சேரும். புரதத்தை ஆற்றுநீராக மட்டும் படிக்கும் மாணவன் 12ஐயும் 119ஐயும் சேர்த்துப் பார்க்கமாட்டான்.

ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது தகாது. செய்யுளில் சொற்களைக் கூட்டுபவன் உரையாசிரியன். அவனுக்கு ஒரு கருத்து உண்டு, மாறுபடும் உரைகளும் உண்டு. புரதத்தில் கூட்டுவது நீரும் மின்னேற்றமும் அணுக்களின் பருமனும். அவற்றுக்குக் கருத்தென்று ஒன்றில்லை. ‘உயிரின் மொழி’ போன்ற தொடர்களை மொழியியலார் கேட்கும்போது மகிழ்வதைவிட ஐயுறுவதே நன்று.

இனி, தொடுகையை எங்ஙனம் அளப்பது? புரதக் கட்டமைப்புகளைத் தொகுக்கும் பொதுத் தரவகம் 1971இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வோர் அணுவின் இடமும் மூன்று எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். அலகு ஆங்ஸ்ட்ராம், ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும். இரண்டு அணுக்களின் எண்கள் முறையே 2, 3, 6 என வேறுபட்டால், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்க: 7 ஆங்ஸ்ட்ராம். பித்தகோரஸ் தேற்றம் அறிந்த எந்த மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

சிக்கல் அதன்பின் தொடங்குகிறது. இந்த 7 தொடுகையா, அன்றா? எச்சம் ஒவ்வொன்றின் முதுகெலும்பிலும் உள்ள ஆல்ஃபா கார்பனை மட்டும் கொண்டு, 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை எனக் கொள்வது ஒரு வழக்கம். அவ்வழக்கில் இது தொடுகையே. எல்லையை 6 ஆக்கினால் அன்று. பக்கச் சங்கிலி உட்பட எல்லா அணுக்களையும் நோக்கி, ஏதேனும் இரண்டு 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை எனக் கொள்வது மற்றொரு வழக்கம். இரண்டும் ஒரே விடை தருவதில்லை. ஆல்ஃபா கார்பன்கள் நெருங்கியிருந்தும் பக்கச் சங்கிலிகள் முதுகு காட்டி எதிரெதிர்த் திசைகளில் நிற்கலாம். ஆர்ஜினின், குளுட்டாமிக் அமிலம் போன்ற நீண்ட பக்கச் சங்கிலிகளோ, முதுகெலும்புகள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருந்தும் நுனிகளால் கைகோத்து உப்புப் பாலம் அமைக்கலாம். அன்றியும், வரிசையில் அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்களின் தொலைவு பெரும்பாலும் ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம், அவற்றைத் தொடுகையாக எண்ணினால் எல்லாப் புரதமும் தொடுகை மிக்கதாகவே தோன்றும். அதனால் வரிசையில் மிக அண்மையில் உள்ள இணைகளை விலக்கிவிடுவர்.

இளமையில் நானும் ஒரு நண்பரும் ஒரே உரைநடைப் பகுதியின் சொற்களை எண்ணி இருவேறு தொகைகளைப் பெற்று வாதிட்டோம். அவர் புணர்ச்சியைப் பிரித்து எண்ணியிருந்தார். நான் அச்சிட்டவாறே எண்ணியிருந்தேன். பிழை எண்ணிக்கையில் இல்லை, எதை எண்ணுகிறோம் என்று எழுதி வைக்காததில் இருந்தது. எல்லையைக் கூறாமல் ‘இப்புரதத்தில் இத்தனை தொடுகைகள்’ என்று எழுதும் மாணவனின் அறிக்கையும் அத்தகையதே.

நெருக்கத்துக்குக் கீழ்வரம்பும் உண்டு. பிணைப்பில்லா அணுக்கள் ஓர் அளவுக்குமேல் நெருங்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் அணு இணை ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தொலைவை வகுத்து, முதுகெலும்பின் இரு திருப்புக் கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்று 1963இல் வரைபடமாக்கினர். தொடக்கூடாதவற்றைக் கணக்கிட்டே இயலும் வடிவங்களைக் கண்டனர். புதிதாகத் தீர்மானிக்கப்படும் கட்டமைப்புகளை இன்றும் அவ்வரைபடத்தால் சரிபார்க்கின்றனர்.

கண்ட தொடுகைகளைக் கட்டம் கட்டமாகக் குறித்தால் தொடுகை வரைபடம் கிடைக்கும். சாலை வரைபடங்களின் ஓரத்தில் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் பாரு என நிரலிலும் நிரையிலும் எழுதித் தொலைவைக் காட்டும் அட்டவணையை நினைத்துக்கொள்க. ஊருக்குப் பதில் எச்ச எண்; தொலைவுக்குப் பதில், தொட்டால் ஒரு புள்ளி. சுருள் வடிவப் பகுதிகள் மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டையாகவும், எதிரெதிர்த் திசையில் ஓடும் இழைகள் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான கோடுகளாகவும் தென்படும். மூலைவிட்டத்திலிருந்து வெகுதூரம் விலகிய புள்ளிகளே நமது விற்பூட்டுகள்.

ஒரே ஒரு வேண்டாத் தொடுகை என்ன செய்யும் என்பதற்கு அரிவாள் அணு இரத்தசோகை சான்று. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 எச்சங்கள். அவற்றுள் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்திருப்பதை வெர்னான் இங்கிராம் 1957இல் காட்டினார். குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் கொண்டு நீரை விரும்புவது. வாலின் நீரை வெறுப்பது. ஆக்சிஜனை இழந்த நிலையில், அந்த வாலின் அடுத்த ஹீமோகுளோபின் மூலக்கூறில் 85ஆம் இடத்து ஃபினைல்அலனினும் 88ஆம் இடத்து லியூசினும் அமைக்கும் குழியில் சென்று பொருந்துகிறது. அதனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு வளைகிறது, நுண்குழாய்கள் அடைபடுகின்றன, நோயாளி வலியால் துடிக்கிறார். 6ஆம் எச்சத்தின் மாற்றத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனுக்கு நோயின் பெயர் தெரியும். 85உம் 88உம் தெரிந்தவனுக்கே அதன் காரணம் தெரியும்.

பல உயிரினங்களில் உள்ள ஒரே குடும்பப் புரதங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டால், ஓரிடம் மாறும்போதெல்லாம் வேறோர் இடமும் சேர்ந்து மாறுவதைச் சில வேளைகளில் காணலாம். அவ்விரண்டும் மடிப்பில் அண்டையாக இருக்க வாய்ப்பு மிகுதி. பாடபேதங்களை ஒப்பிட்டுப் பழகிய சுவடிப் பதிப்பாளருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இத்தகைய தடயங்களையும் பயன்படுத்திக்கொண்டே ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி அமைப்பு சங்கிலி வரிசையிலிருந்து வடிவத்தைக் கணித்தது. அதற்காக 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்க ஒன்று: 124 மணிகளைக் கயிற்றில் கோத்து, 26, 40, 58, 65, 72, 84, 95, 110 ஆகியவற்றுக்குச் சிவப்பு மணி இடுக. எண்ணைக் கூறாமல், சிவப்பு மணிகளை இரண்டிரண்டாகக் கட்டச் சொல்க. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு முடிச்சோடு வரும். பிறகு சரியான நான்கு இணைகளைக் கூறிக் கட்டச் செய்து, 12ஆம் மணியும் 119ஆம் மணியும் எங்கே நிற்கின்றன என்று அளக்கச் சொல்க. பெரும்பாலும் அவை விலகியே நிற்கும். நான்கு முடிச்சுகள் போதாமல் அங்கே வேறென்ன தேவைப்படுகிறது என்று மாணவர் கேட்பர். ஹைட்ரஜன் பிணைப்புப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.